பிரதமரின் கொலைக்கு வந்தவர்கள் செம்மணிக்கு வரக்கூடாதா?

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும்போதெல்லாம் கொழும்பிலிருந்து ஒரே பதில்தான் போகிறது: எங்கள் பிரச்சினையை நாங்களே தீர்த்துக்கொள்வோம், உள்ளகப் பொறிமுறை இருக்கிறது, வெளியார் தலையிட்டால் இனங்களுக்கிடையே பிளவுதான் பெருகும். ராஜபக்சக்கள் காலத்தில் இதைக் கேட்டபோது நம்மில் யாருக்கும் வியப்பில்லை. இன்று இதைச் சொல்கிறவர்கள் வேறு. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு வந்தது, யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தது. அதன் பிறகு நிதானமான மனிதர்கள், நேர்மையான பத்திரிகை ஆசிரியர்கள், தமிழ் அரசியல்வாதிகளில் சிலர்கூட, "புதிய அரசுக்கு அவகாசம் கொடுப்போம், ஜெனீவாவைச் சற்றுத் தள்ளி வைப்போம்" என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கருத்து தவறானது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களை அது மீண்டும் ஒருமுறை கைவிடுகிறது.

முதலில் இறைமை. வெளிநாட்டு நீதிபதி, வெளிநாட்டு விசாரணையாளர் என்றவுடன் நாட்டின் தன்மானம் பறிபோகிறது என்கிறார்கள். இந்த நாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1959-இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையின் அரசியல் பின்னணியை ஆராய 1963-இல் அவருடைய மனைவியின் அரசே ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. இலங்கை நீதிபதி டி.எஸ். பெர்னாண்டோவோடு எகிப்திலிருந்து ஒருவரும் கானாவிலிருந்து ஒருவரும் அதில் நீதிபதிகளாக அமர்ந்தார்கள். 1993-இல் முன்னாள் அமைச்சர் லலித் அத்துலத்முதலி கொல்லப்பட்டபோது ஸ்கொட்லாந்து யார்ட் துப்பறிவாளர்கள் அழைக்கப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இங்கே வந்து சாட்சியங்களை ஆராய்ந்தார்கள். இந்த மூன்று தடவையும் அவர்களை அழைத்தது சரியே. கொல்லப்பட்டவர் பிரதமராக, முன்னாள் அமைச்சராக, தேவாலயத்தில் மண்டியிட்டவராக இருந்தபோது வெளிநாட்டு உதவி நீதிக்கு உதவியது என்றால், கொல்லப்பட்டவர் முல்லைத்தீவில் பதுங்குகுழியில் இருந்தவராக இருக்கும்போது மட்டும் அது இறைமை மீறலாக மாறுவது எப்படி? இறைமை குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவானது என்றால், அதைக் காரணம் காட்டி ஒரு பகுதிக் குடிமக்களுக்கு மட்டும் விசாரணையை மறுக்க முடியாது.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. "உள்நாட்டு நீதிமன்றங்கள் தண்டித்திருக்கின்றனவே, கிருஷாந்தி வழக்கைப் பாருங்கள், மிருசுவில் வழக்கைப் பாருங்கள்" என்பது அது. பார்ப்போம்.

1996 செப்டெம்பர் 7. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அதே இடத்தில் கொல்லப்பட்டார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது, வழக்கு கொழும்பில் நடந்தது, 1998 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இதுவரை கதை நம்பிக்கை தருகிறது. மரண தண்டனை பெற்ற இராணுவத்தினரில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச குற்றவாளிக் கூண்டில் நின்று, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். 1999-இல், வெளிநாட்டு நிபுணர்கள் பார்வையாளர்களாக நிற்க, தோண்டினார்கள். 15 உடல்கள் கிடைத்தன. இரண்டு பேர் அடையாளம் காணப்பட்டார்கள். அதன் பிறகு யாரும் தண்டிக்கப்படவில்லை. எஞ்சிய உடல்கள் எங்கே என்று அரசு தேடவுமில்லை.

கால் நூற்றாண்டு கழிந்தது. 2025 தொடக்கத்தில் செம்மணியை அண்டிய சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டிய தொழிலாளர்களின் கையில் எலும்பு தட்டுப்பட்டது. இம்முறை அந்தச் சிறு நிலப்பரப்பிலிருந்து 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஆழமாகவும் புதைக்கவில்லை. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப்பை ஒன்று வந்தது, ஒரு பொம்மை வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் நீதிமன்ற உத்தரவுப்படி அந்தப் பொருட்களையெல்லாம் பரப்பி வைத்து, யாராவது அடையாளம் காட்ட முடியுமா என்று மக்களை வரச் சொன்னார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வரிசையில் நின்று, மண்ணேறிய செருப்பையும் வளையல் துண்டையும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். முப்பது வருடமாக மண்ணுக்குள் கிடந்த ஒரு சட்டைத் துணியைக் கண்ணால் பார்த்து, இது என் பிள்ளையினுடையது என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? மரபணுச் சோதனைதான் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய ஆய்வகமும் அனுபவமும் போதிய அளவில் இங்கே இல்லை. உள்ளகப் பொறிமுறையின் வெற்றி என்று காட்டப்படும் கிருஷாந்தி வழக்கு, ஆறு பேரின் குற்றத்தைக் கண்டது. அவர்களுக்கு அடியில் கிடந்த நூற்றுக்கணக்கானவர்களைக் காணவில்லை.

மிருசுவில் இன்னும் வெளிப்படையானது. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த சிலர் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போனார்கள். ஐந்து வயதுச் சிறுவன் உட்பட எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டு மலக்குழியில் போடப்பட்டார்கள். தப்பி ஓடிவந்த ஒருவர் சொன்னதால்தான் விடயம் வெளியே தெரிந்தது. வழக்கு முடிய 15 வருடம். 2015-இல் ஓர் இராணுவத்தினனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2019-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு போட்டு நாடே வீட்டுக்குள் இருந்த நாட்களில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. அதை ஒரு கையொப்பம் அழித்தது. உள்நாட்டு நீதித்துறைமீது நம்பிக்கை வையுங்கள் என்று கேட்கிறவர்கள் இந்தக் கையொப்பத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

"வெளியாரையும் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை" என்பது அடுத்த வாதம். தமிழர்கள் மத்தியிலும் இது பரவலாக இருக்கிறது, சலிப்பினால் வருகிறது. இதற்குத் திருகோணமலையிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையருகே பேசிக்கொண்டிருந்த மாணவர்கள்மீது முச்சக்கர வண்டியிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. பிறகு படையினர் வந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் புலிகள், கொண்டுவந்த குண்டு அவர்களிடமே வெடித்துவிட்டது என்று அதிகாரத் தரப்பு சொன்னது. சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய்ப் படம் எடுத்தார். தலையில் கிட்ட நின்று சுட்ட காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. குண்டு வெடித்துச் செத்தார்கள் என்ற கதை அந்தப் படங்களோடு முடிந்தது. அதே மாதம் 24-ஆம் திகதி காலை சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். உலகம் கேட்டது. மகிந்த ராஜபக்ச 16 வழக்குகளை விசாரிக்க நீதிபதி உடலாகம தலைமையில் ஆணைக்குழுவை அமைத்து, அதைக் கண்காணிக்க 11 சர்வதேசப் பிரமுகர்களையும் அழைத்தார். அந்தக் குழுவின் தலைவர் இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதி. பொதுநல வழக்குகளுக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர். அவரைப் புலம்பெயர் தமிழரின் கைக்கூலி என்றோ மேற்கு நாட்டுச் சதியாளர் என்றோ யாரும் சொல்ல முடியாது.

அவர்களிடம் கண் மட்டும் இருந்தது, கை இல்லை. சாட்சியை அழைக்க, விசாரிக்க, பாதுகாக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபர் திணைக்களமே ஆணைக்குழுவின் விசாரணையையும் வழிநடத்தியது. இது தவறு என்று அவர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை என்றார்கள். நாட்டைவிட்டுத் தப்பிய சாட்சிகள் காணொளி வழியாகச் சாட்சியம் சொல்லத் தொடங்கியபோது அதுவும் நிறுத்தப்பட்டது. 2008-இல், விசாரிக்கும் மனமே அரசிடம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு பகவதி குழு வெளியேறியது. ஆணைக்குழு 16 வழக்குகளில் பாதியைக்கூட முடிக்கவில்லை. அதன் அறிக்கை 2015 வரை வெளிவரவுமில்லை. 2019 ஜூலையில், ஐந்து மாணவர் கொலை வழக்கில் சந்தேக நபர்களாயிருந்த 13 பேரையும் சாட்சியம் போதாது என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சியம் போதாமல் போனது உண்மை. படம் எடுத்தவர் கொல்லப்பட்டார். கண்ணால் கண்டவர்கள் உயிருக்குப் பயந்து கடல் கடந்தார்கள்.

சர்வதேச ஈடுபாடு பயனற்றது என்பதற்கு பகவதி குழுவை உதாரணம் காட்டுகிறவர்கள் முடிவைத் தலைகீழாக எடுக்கிறார்கள். அது தோற்றது அதிகாரம் இல்லாததால். பார்வையாளரை வரவழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, விசாரணையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்ட ஏற்பாடு தோற்றது. இதிலிருந்து கிடைக்கிற பாடம், வெளியாரை வேண்டாம் என்பதல்ல. வந்தால் விசாரிக்கவும் வழக்குத் தொடரவும் பங்குள்ளவர்களாக வர வேண்டும் என்பதே. 2015 அக்டோபரில் இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கிய மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்தில் வெளிநாட்டு நீதிபதிகள், வழக்குத்தொடுநர்கள், விசாரணையாளர்கள் என்று எழுதியிருந்தது இதனால்தான். 2020 பெப்ரவரியில் அந்த வாக்குறுதியிலிருந்து அரசு விலகிக்கொண்டது.

சட்டமா அதிபர் விடயம் பழங்கதையல்ல. 2008-லும் 2009-லும் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்டுக் கடற்படை முகாமில் வைக்கப்பட்டுக் காணாமல்போன 11 பேரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பத்துக்காக நடந்த கடத்தல் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் சிங்கள அதிகாரிகளே பாடுபட்டுத் துலக்கிய வழக்கு அது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றப்பத்திரிகையை 2021-இல் சட்டமா அதிபர் முன்னெடுக்காமல் கைவிட்டார். நேர்மையான பொலிஸ் அதிகாரி இந்த நாட்டில் இருக்கிறார், நேர்மையான நீதிபதியும் இருக்கிறார். அவர்கள் முடித்துவைக்கும் வேலையை மேலே இருப்பவர் அவிழ்த்துவிடும் அமைப்புத்தான் பிரச்சினை. சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் அமைக்கப்போவதாகப் புதிய அரசு சொல்லியிருக்கிறது. வரவேற்கிறேன். அந்த அலுவலகத்துக்குள் போர்க்குற்ற வழக்குகளைக் கட்டியெழுப்பத் தெரிந்த வெளிநாட்டு நிபுணர்களும் இருந்தால் அது எந்த வகையில் பலவீனமடையும்?

"இந்த வெளியுலகம் யோக்கியமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. 2008 செப்டெம்பரில், சனங்கள் வாசலில் நின்று போகாதீர்கள் என்று கெஞ்சக் கெஞ்ச, ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். 2009 மே மாதக் கடைசியில், முள்ளிவாய்க்கால் மண் காயுமுன், மனித உரிமைகள் பேரவை இலங்கையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான அதன் சொந்தக் குழுவே 2012-இல் எழுதி வைத்திருக்கிறது. காசாவில் வல்லரசுகள் நடந்துகொள்கிற விதம் நம் கண்முன்னே இருக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மையை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். மேற்கின் இரட்டை வேடத்தைச் சொல்லித் தன் படைத்தளபதியைக் காப்பாற்றுகிறவர் காசாவின் குழந்தைக்காகப் பேசவில்லை. அன்று கைவிட்டுப் போனவர்களுக்கு இன்று கடன் இருக்கிறது. அந்தக் கடனைக் கேட்டு வாங்குவதுதான் முறை.

தமிழருக்குச் சார்பாக மட்டுமே சர்வதேசம் பேசும் என்பது இன்னொரு தவறான எண்ணம். 2018-இல் மன்னார் சதொச வளவில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. போர்க்காலப் புதைகுழி என்றே நம் மக்கள் நம்பினார்கள். மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 15-ஆம் நூற்றாண்டுக்கும் 17-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று முடிவு வந்தது. உறவினர்களுக்கு அது பேரிடி, பலர் இன்றும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டு ஆய்வகம் யாருடைய மனதையும் பார்த்து முடிவு எழுதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2015-இல் மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் தப்பி ஓடிய பொதுமக்களைச் சுட்டதையும் எழுதியது. வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொலைக்கு உடந்தையாக இருந்ததற்காகப் புலிகளின் முன்னாள் உறுப்பினர் ஒருவரை 2020-இல் தண்டித்தது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம். பிரிட்டன் 2025 மார்ச்சில் தடை விதித்த நான்கு பேரில் மூவர் முன்னாள் படைத் தளபதிகள், நான்காமவர் புலிகளின் முன்னாள் தளபதி கருணா. நீதி இரு பக்கமும் வெட்டும் என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்கிறோம், கேட்க வேண்டும்.

சிங்கள மக்களை இது ஆத்திரப்படுத்தும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். வெளியுலகிடம் நியாயம் கேட்பது தமிழர் கண்டுபிடித்த வழியல்ல. 1987-இலிருந்து 1989 வரையான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஆற்றில் உடல்கள் மிதந்தன. 1990 செப்டெம்பரில் தெற்கைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஜெனீவா போவதற்குக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்தார். அவருடைய பையிலிருந்து காணாமல்போனோர் பற்றிய 533 ஆவணங்களையும் 19 பக்கம் நிறைந்த புகைப்படங்களையும் பொலிஸார் பறிமுதல் செய்தார்கள். அந்த உறுப்பினரின் பெயர் மகிந்த ராஜபக்ச. அன்று அவர் செய்தது நியாயமான காரியம். உள்நாட்டில் கேட்க ஆளில்லாதபோது மாத்தறைத் தாய்க்காகவும் அம்பாந்தோட்டைத் தாய்க்காகவும் வெளியே போய்க் கேட்டார். 1991-இலும் 1992-இலும் ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான செயற்குழு இங்கே வந்தது அப்படிப் பலர் கேட்டதால்தான். வவுனியாத் தாய் அதே ஜெனீவாவுக்கு அதே புகைப்படத்தோடு போனால் அது எப்படித் துரோகமாகும்?

அந்தக் காலத்துப் பட்டலந்த வதைமுகாமை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கையும் உள்ளகப் பொறிமுறையின் குழந்தைதான். எழுதி முடித்து 25 வருடம் அலுமாரியில் கிடந்தது. 2025 மார்ச்சில் அல் ஜசீரா தொலைக்காட்சியில் ரணில் விக்கிரமசிங்கவிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தடுமாறியதை நாடு பார்த்தது. சில நாட்களில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. சமர்ப்பித்தவர்கள் ஜே.வி.பி. வழிவந்த இன்றைய ஆட்சியாளர்கள். தங்கள் தோழர்களின் வதையைப் பற்றிய உள்நாட்டு அறிக்கையே வெளிநாட்டில் ஒருவர் கேட்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவகாசம் கொடுங்கள் என்பதில் மிகக் கொடூரமான பகுதி, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான். கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் இன்னும் தொடர்கிறது. பந்தலில் உட்கார்ந்திருந்த பெற்றோர் ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். பிள்ளையைக் கையால் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த தாய் இறந்தால் அந்த ஒப்படைப்பின் சாட்சியும் இறக்கிறது. அவர்கள் வாக்குமூலம் இப்போது, அவர்கள் உயிரோடிருக்கும்போது, பதியப்பட வேண்டும். 2021 மார்ச்சில் பேரவையின் 46/1 தீர்மானம், சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்திடம் கொடுத்தது இதற்காகத்தான். 22 நாடுகள் ஆதரித்தன, இந்தியா வாக்களிக்கவில்லை. அந்தப் பொறிமுறையை மூடச் சொல்கிறது கொழும்பு. உள்நாட்டில் உண்மையாக வழக்குத் தொடர நினைக்கும் அரசுக்கு, யாரோ செலவழித்து, ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் சாட்சியக் களஞ்சியம் பெரிய உதவி. அதைக் கேட்டு வாங்க வேண்டிய அரசு ஏன் மூடச் சொல்கிறது?

நாம் கேட்பது இலங்கை நீதிமன்றத்தைத் தூக்கிவிட்டு வெளிநாட்டு நீதிமன்றத்தை வைப்பதல்ல. பொஸ்னியாவில் நடந்ததைப் பார்க்கலாம். 1996-இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, உறவினர்களின் இரத்த மாதிரிகளை எடுத்து எலும்புகளோடு ஒப்பிட்டது. ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட 8,000 பேரளவில் ஏறத்தாழ 7,000 பேர் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டார்கள். கொன்றவர்கள் எலும்புகளை இயந்திரத்தால் கிளறி வேறு வேறு குழிகளில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள், அப்படியிருந்தும் இது முடிந்தது. அங்கே தளபதிகளை ஹேக் நகரிலிருந்த சர்வதேச நீதிமன்றம் விசாரித்தது, கீழ்நிலைக் குற்றவாளிகளில் நூற்றுக்கணக்கானவர்களை பொஸ்னியாவின் சொந்த நீதிமன்றங்களே விசாரித்தன. வெளியுதவி உள்நாட்டு நீதித்துறையை விழுங்கவில்லை. அதற்கு முதுகெலும்பு கொடுத்தது.

செம்மணியில் எடுத்த எலும்புகள் பெட்டிகளில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தாய்மாரும் தந்தைமாரும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய மரபணு மாதிரிகளை, சர்வதேச நிபுணர்களின் கையால், மாவட்டந்தோறும் வைத்தியசாலைகளில் எடுத்துப் பாதுகாக்கத் தொடங்க வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ ஜெனீவாவில் இன்னொரு வாக்கெடுப்போ தேவையில்லை. உதவி வேண்டும் என்று கொழும்பு ஒரு கடிதம் எழுதினால் போதும், அதை இந்த ஆண்டே எழுதலாம்.